பிறந்த குதிரைக் குட்டியும் அதன் ஓமோன்களும்

தாயின் வயிற்றை விட்டு நிலத்தில் விழும் அந்தச் சிறு பொழுதில் ஒரு குட்டியின் உடல் அடையும் மாற்றங்கள், அதன் பின்னைய வாழ்நாள் முழுவதிலும் அடையும் மாற்றங்களினும் பெரியன. அதுகாறும் இளங்கொடியின் வழியாக வந்த ஒட்சிசனை இனி அதன் நுரையீரலே ஈட்டவேண்டும். தாயின் குருதியிலிருந்து ஓயாது ஊறிய வெல்லத்தை இனி அதன் ஈரலே ஆக்கவேண்டும். தாயுடலின் வெப்பத்திற் கிடந்தது இனித் தன் வெப்பத்தைத் தானே காக்கவேண்டும். இத்தனை பொறுப்புக்களையும் ஒரே நாழிகையில் ஏற்கும் ஆற்றல் அச்சிற்றுயிருக்கு எங்ஙனம் வந்தது? ஒரு குட்டி எழுந்து நின்று பாலுண்ண, அதன் அருகே பிறந்த மற்றொன்று தலைசாய்த்துக் கிடந்து உயிர்விடுவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுந்த அறிவியலார் சென்ற அறுபது ஆண்டுகளிற் கண்ட உண்மைகள் பல. அவற்றுள் ஓமோன்கள் பற்றியவற்றைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பற்றி ஒரு சொல் முதற்கண் கூறுதல் தகும். தொல்காப்பியர் தம் மரபியலில் யானை, குதிரை, கழுதை முதலியவற்றின் இளமைக்குக் ‘கன்று’ என்னும் பெயரை உரிமையாக்குவர். மக்கள் வழக்கிலோ ‘குதிரைக் குட்டி’ என்பதே நிலைத்துவிட்டது. பசுக்கன்றும் இக்கட்டுரையில் இடம்பெறுதலின், மயக்கம் நேராவண்ணம் குதிரையின் இளமை ஈண்டுக் குட்டி என்றே வழங்கப்படும்.

நம் நிலத்திற் குதிரை

குதிரை தமிழ் நிலத்துக்குப் பெரும்பாலும் கடல்வழி வந்த விலங்கு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கலங்களில் வந்திறங்கிய குதிரைகளைக் கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், அவற்றுட் பெரும்பாலானவை பேணுவாரின்றி மடிந்ததையும் குறித்துள்ளார். உயர்ந்த சாதிப் பெட்டைக் குதிரையும் இங்கு ஈனுங்கால் வளைந்த காலுடைய மெலிந்த குட்டியையே ஈன்றதென்பதும் அவர் கூற்று. அக்கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் குதிரையை வாங்குதல் எளிது, குட்டியை உயிர்பிழைப்பித்தல் அரிது என்னும் உண்மையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கண்டு எழுதிவைத்தார் என்பது கருதற்பாலது.

பூநகரிக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையை உடையது பூநகரி. அதன் மேற்கே கடலிற் கிடக்கும் இரணைதீவு, பூநகரிப் பிரதேசத்தைச் சார்ந்தது. ஒல்லாந்தர் அதனை ‘இரு சகோதரர்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். நெடுந்தீவிலும் இரணைதீவிலும் அவர்கள் குதிரைப் பண்ணைகள் வைத்திருந்தனர். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு, வேலியில்லாத தொழுவம் ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரி நெடுந்தீவிற் குதிரை வளர்ப்பை மேற்பார்வை செய்தார். பின்னர் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. குதிரைகள் கைவிடப்பட்ட நிலையிலேயே பெருகின. இரணைதீவில் இன்று அவ்வினம் இல்லை. நெடுந்தீவின் தென்பாகத்தில் மட்டக்குதிரைகள் இன்றும் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. தீவின் அப்பகுதி 2015 ஆம் ஆண்டிலே தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கு ஈனும் பெட்டைக் குதிரைக்கு வைத்தியருமில்லை, தொழுவமுமில்லை. பிறக்கும் குட்டிக்குத் துணை அதன் தாயும், அதன் உடலிற் சுரக்கும் ஓமோன்களுமேயாம்.

ஓமோன் என்பது யாது?

உடலின் ஓர் உறுப்பிலே தோன்றி, குருதியோடு கலந்து சென்று, வேறோர் உறுப்பைத் தொழிற்படுத்தும் இரசாயனப் பொருளே ஓமோன் எனப்படும். இங்கிலாந்தைச் சேர்ந்த பேய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் 1902 ஆம் ஆண்டில் இத்தகைய பொருளொன்றைச் சிறுகுடலிற் கண்டனர். ஸ்டார்லிங் 1905 இல் இவ்வகைப் பொருள்களுக்கு ‘ஓமோன்’ என்னும் பெயரை வழங்கினார். தூண்டுவது, கிளர்ச்சியுறச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். நரம்பு, தந்திக்கம்பிபோல ஒருவரிடத்திற்கே செய்தி கொண்டு செல்வது. ஓமோனோ, ஊரெங்கும் அறையப்படும் பறைபோன்றது. எல்லா உறுப்புக்களின் செவியிலும் அது விழும். அதனைக் கேட்டு நடக்கக் கடமைப்பட்ட உறுப்பு மட்டுமே எழுந்து நடக்கும்.

இக்கட்டுரைக்கு முதன்மையானது கோட்டிசோல் என்னும் ஓமோன். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல அமர்ந்திருக்கும் அதிரினற் சுரப்பிகளின் மேற்பட்டையில் அது ஊறுகின்றது. மேற்பட்டையின் ஓமோன்களை ஆராய்ந்தமைக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவர் 1950 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். பசி, காயம், நோய், அச்சம் ஆகியவற்றுள் எது வந்துற்றாலும் உடல் கோட்டிசோலைப் பெருக்கியே எதிர்த்து நிற்கும்.

கோட்டிசோல் தானாகச் சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி கபச்சுரப்பிக்கு ஆணையிடும். கபச்சுரப்பி, மேற்பட்டை தூண்டும் ஓமோன் என்னும் மற்றோர் ஓமோனைக் குருதியில் விடும். அது சென்று தட்டியபின்னரே அதிரினற் சுரப்பி கோட்டிசோலை விடும். முன்னாளில் அரசாங்க அதிபரின் கட்டளை உடையார்க்குச் சென்று, உடையாரின் கடிதம் விதானையாரை அடைந்து, விதானையார் ஊரிற் காரியத்தை முடித்த ஒழுங்கை இதற்கு ஒப்பிடலாம். காரியம் முடிந்ததென்ற செய்தி மேலே சென்றதும் கடிதங்கள் நின்றுவிடும். அவ்வண்ணமே கோட்டிசோல் போதிய அளவு பெருகியதும், அதுவே மூளைக்குச் சென்று ஆணையை நிறுத்துகின்றது. இவ்வொப்புமையை நினைவிற் கொள்ளின் பின்னர்க் கூறப்படுவன எளிதில் விளங்கும்.

ஓமோன்களை அளத்தல் நெடுங்காலம் இயலாதிருந்தது. ஒரு மில்லி லீற்றர் குருதியிலுள்ள கோட்டிசோலின் நிறையை, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி அக்கூறுகளைக் கொண்டே எண்ணவேண்டும். மேற்பட்டை தூண்டும் ஓமோனை எண்ணுதற்கோ ஒரு கிராமை இலட்சங் கோடிக் கூறாக்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ரோசலின் யாலோ அம்மையாரும் சொலமன் பேர்சனும் 1950 களின் இறுதியில், கதிர்வீசும் அணுக்களைத் துணைக்கொண்டு இத்துணை நுண்ணிய அளவுகளையும் அளக்கும் முறையை வகுத்தனர். பேர்சன் இறந்தபின், 1977 இல் யாலோ அம்மையார் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவைமுறை தோன்றியிராவிடின், நோயுற்ற குட்டியின் உடலினுள் நிகழ்வதை எவரும் எண்ணாற் கூறியிருத்தல் இயலாது.

நலமுடன் பிறக்கும் குட்டி

குதிரையின் சூல்காலம் ஏறத்தாழ 340 நாள். ஆயினும் 320 நாளிலும் 360 நாளிலும் நலமான குட்டிகள் பிறப்பதுண்டு. நாளெண்ணிக்கை குட்டியின் முதிர்ச்சியைத் துணிந்து காட்டாது என்பதற்கு இதுவே முதற் சான்று. முதிர்ச்சியை உறுதிசெய்வது ஓமோன்.

கருவுக்குள் முதிர்ச்சி எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை முதலில் உணர்த்தியது ஆடு. நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ் என்னும் மருத்துவர் 1960 களிற் செய்த ஆய்வுகளில், பிறப்பின் நாளைக் குறிப்பது தாயன்று, கருவிலிருக்கும் குட்டியின் கபச்சுரப்பியும் அதிரினற் சுரப்பியுமே என்று கண்டார். குட்டியின் கோட்டிசோல் பெருகியதும் சூலைக் காத்துநின்ற புரொஜெஸ்தெரோன் என்னும் ஓமோன் குன்றி, பிரசவம் தொடங்குகின்றது. காலத்துக்கு முன் பிறந்த ஆட்டுக்குட்டிகளுக்குக் கோட்டிசோலை ஒத்த மருந்து ஏற்றப்பட்டிருந்தால், அவற்றின் நுரையீரல் எதிர்பாராத வண்ணம் விரிந்ததையும் அவர் கண்டார். இவ்வுண்மையைக் கொண்டு 1972 இல் அவரும் ஹோவி என்பவரும், குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்மாருக்கு அவ்வகை மருந்தை ஏற்றி, பிறந்த சிசுக்கள் மூச்சுத் திணறாமல் உயிர்வாழ்ந்ததை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் கையாளப்படும் அம்மருத்துவ முறைக்கு வழிகாட்டியது ஓர் ஆட்டுக்குட்டியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆட்டுக்கும் குதிரைக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆட்டின் கருவிற் கோட்டிசோல் பிறப்புக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே ஏறத் தொடங்கும். குதிரையின் கருவிலோ கடைசி இரண்டு மூன்று நாளில்தான் அது விரைந்து ஏறுகின்றது. இங்கிலாந்திலே நியூமாக்கற் நகரத்து விலங்கு மருத்துவர் ரொஸ்டேலும், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சில்வர், ஃபௌடன் ஆகிய அம்மையாரும், அவர்தம் துணைவரும் இதனை ஆராய்ந்து நிறுவினர். அக்கடைசி நாள்களுக்கு முன்னர்க் குதிரைக் கருவின் அதிரினற் சுரப்பி கோட்டிசோலை ஆக்கும் திறனைப் பெரிதும் பெறுவதேயில்லை. பயிர் முற்றியும் நெல்மணியிற் பால்பிடிப்பதும் இறுகுவதும் சில நாளிலேயே நிகழ்வதுபோல, பதினொரு மாதம் வளர்ந்த குட்டியின் உடல் கடைசி இரண்டு நாளிலேயே உலகுக்கு ஏற்றதாகின்றது.

அச்சில நாளிற் கோட்டிசோல் செய்யும் வேலை வியக்கத்தக்கது. நுரையீரலினுள் நிறைந்த நீர் உறிஞ்சப்படுவதற்கும், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிவதற்கும் அது வழிசெய்கின்றது. ஈரலிலே கிளைக்கோசனைச் சேர்த்து, வெல்லத்தைப் புதிதாக ஆக்கும் நொதியங்களை எழுப்புகின்றது. குடலைப் பாலுக்கு ஆயத்தப்படுத்துகின்றது. தைரொயிட் ஓமோனை வீரியமுடைய வடிவுக்கு மாற்றுகின்றது. ஆதலால், உரிய நாளுக்குச் சில நாள் முன்னர் மருந்தினால் வலிந்து பிறப்பிக்கப்பட்ட குட்டி, உருவத்தில் முழுமை பெற்றிருந்தும் உயிர்தாங்கும் வலியின்றி இறப்பதுண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் காணப்படுகின்றது. இளங்கொடியில் நாட்பட்ட அழற்சியுற்ற தாயின் குட்டி, நாள்குறைந்து பிறந்தும் உயிர்பிழைப்பது உண்டு. தாயின் நோய் கருவை நெடுநாள் நெருக்கியமையால், அதன் அதிரினற் சுரப்பி முன்கூட்டியே விழித்து முதிர்ச்சியைத் துரிதப்படுத்திவிட்டது. நாள் நிறைந்தும் ஓமோன் விழியாத குட்டி சாகின்றது. நாள் குறைந்தும் ஓமோன் விழித்த குட்டி வாழ்கின்றது.

நலமான குட்டியின் கோட்டிசோல், பிறந்த முதல் ஒரு மணி நேரத்தளவில் உச்சத்தை அடைந்து, பின் அடுத்துவரும் நாள்களிற் படிப்படியாகத் தாழ்கின்றது. மேற்பட்டை தூண்டும் ஓமோனும் அங்ஙனமே. தைரொயிட் ஓமோன்களோ பிறந்த பொழுதில் வளர்ந்த குதிரையினுடையதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு இருக்கும். உடலிற் கொழுப்பும் கிளைக்கோசனும் மிகக் குறைந்த அச்சிற்றுயிர் தன் வெப்பத்தைக் காத்தற்கு அது இன்றியமையாதது. இவையெல்லாம் ஒழுங்காக நிகழ்ந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இரண்டு மணி நேரத்திற் பாலுண்ணும். மூன்று மணி நேரத்தினுள் தாயின் இளங்கொடியும் விழுந்துவிடும். குதிரை வளர்ப்போர் உலகெங்கும் மனனஞ் செய்யும் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்னும் விதி இதுவே.

நோயுற்ற குட்டி

பிறந்த குதிரைக் குட்டிகளைக் கொல்லும் நோய்களுள் முதன்மையானது குருதி நஞ்சேற்றம். கிருமிகள் குடல் வழியாகவோ, கொப்பூழ் வழியாகவோ, மூச்சுவழியாகவோ, சிலவேளை கருவிலிருக்கும்போதே இளங்கொடி வழியாகவோ புகுந்து குருதியிற் பரவுவதே அந்நோய். குதிரையின் இளங்கொடி பல படலங்களை உடையது. தாயின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் அதனூடே கருவை அடைதல் இயலாது. ஆகவே குட்டி காப்பின்றியே பிறக்கின்றது. தாயின் முதற் பாலாகிய கடும்புப்பாலில் அக்காப்பு நிறைந்திருக்கின்றது. குடலோ அதனை முழுமையாக உறிஞ்சும் வல்லமையை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இழந்துவிடுகின்றது. முதல் நாளிற் கடும்புப்பால் பெறாத குட்டி, கவசமின்றிப் போர்க்களம் புகுந்த வீரனை ஒக்கும்.

இத்தகைய குட்டிகளின் ஓமோன்களை அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்களின் விலங்கு மருத்துவமனைகள் சென்ற இருபது ஆண்டுகளில் விரிவாக அளந்துள்ளன. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொரிபியோ என்னும் அறிஞரும் அவர்தம் மாணவரும், சோர்சியாப் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், பார்ட்டன் ஆகிய அம்மையாரும் இத்துறையிற் குறிப்பிடத்தக்கவர். நலமான குட்டிகள், நஞ்சேற்றமுற்ற குட்டிகள், வேறு நோயுற்ற குட்டிகள் என மூவகையாகப் பிரித்து, அவற்றின் குருதியை ஒப்பிட்டதே அவர்கள் கையாண்ட முறை.

முதற்கண் கிடைத்த விடை எதிர்பார்த்ததே. நோயுற்ற குட்டியிற் கோட்டிசோலும் மேற்பட்டை தூண்டும் ஓமோனும் நலமான குட்டியினும் உயர்ந்திருந்தன. உடல் இடருற்றது, காவலை அழைத்தது. ஆனால் இறந்த குட்டிகளையும் பிழைத்த குட்டிகளையும் தனித்தனியே நோக்கியபோது புதியதோர் உண்மை வெளிப்பட்டது. இறந்த குட்டிகளில் ஆணையாகிய மேற்பட்டை தூண்டும் ஓமோன் மிக உயர்ந்திருக்க, அதற்கேற்ற அளவு கோட்டிசோல் எழவில்லை. ஆணைக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள விகிதம் பெரிதாகப் பெரிதாக, குட்டி இறக்கும் வாய்ப்பும் பெரிதாயிற்று.

எளிய எண்களால் இதனை விளக்கலாம். இரண்டு குட்டிகளிலும் கோட்டிசோல் 10 அளவு என்று கொள்வோம். ஒன்றில் அதனைப் பெறுதற்கு 5 ஆணை போதுமாயிருந்தது. மற்றொன்றிலோ 50 ஆணை வேண்டியிருந்தது. கோட்டிசோலை மட்டும் அளந்த மருத்துவர் இரண்டும் ஒத்த நிலையின என்றே எண்ணுவார். இரண்டையும் அளந்தவரோ, இரண்டாவது குட்டியின் சுரப்பி இளைத்துவிட்டதென்பதை உடனே காண்பார். உடையார் ஐம்பது கடிதம் எழுதியும் விதானையாரிடமிருந்து காரியம் நடவாத நிலை அது. உடலிற் பலமுறை பொருளளவைக் காட்டிலும் விகிதமே உண்மையைக் கூறுகின்றது. இந்நிலையை மருத்துவர் ‘ஒப்பளவான அதிரினற் குறைபாடு’ என்பர். சுரப்பி முற்றாகச் செத்துவிடவில்லை. வந்துற்ற இடரின் அளவுக்கு அதன் வலிமை போதவில்லை என்பதே இதன் கருத்து. நாள்குறைந்து பிறந்த குட்டிகளில் இந்நிலை எளிதில் நேர்வது, முன்னர்க் கூறியவற்றால் தானே விளங்கும்.

ஏனைய ஓமோன்களும் இதே கதையைத் தத்தம் மொழியிற் கூறுகின்றன. நீரையும் குருதியமுக்கத்தையும் காக்கும் வாசோப்பிரசின், அல்டொஸ்தெரோன் ஆகியவை நோயுற்ற குட்டியில் உயர்கின்றன. குருதியோட்டம் தளர்ந்தது என்பதற்கு அது சான்று. இறந்த குட்டிகளில் வாசோப்பிரசின் மேலும் உயர்ந்திருந்தது. நஞ்சேற்றமுற்ற குட்டியின் குருதியில் வெல்லமும் இன்சுலினும் குறைந்து, கொழுப்பு மிகுகின்றது. உண்ண இயலாத உடல் தன்னிடமுள்ள சிறு சேமிப்பை எரிக்கத் தொடங்கிவிட்டது. கல்சியம் தாழ்கின்றது. அதனைச் சீர்செய்ய முயலும் பரதைரொயிட் ஓமோன் உயர்கின்றது. விற்றமின் டீ குன்றுகின்றது. பிறந்த பொழுதிற் பத்து மடங்காயிருக்க வேண்டிய தைரொயிட் ஓமோன்கள் நோயுற்ற குட்டியில் தாழ்ந்து, இறக்குந் தறுவாயிலுள்ளதில் மேலும் தாழ்கின்றன.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஒரு பொருள் குறைந்திருக்கக் கண்டால், அதனை ஊசியால் ஏற்றிவிட்டால் என்ன? குறைவு என்பது எப்பொழுதும் நோயன்று. தைரொயிட் ஓமோனின் வீழ்ச்சி, எரிபொருள் அற்ற உடல் அடுப்பைத் தணிக்கும் சூழ்ச்சியாகவும் இருக்கக்கூடும். கோட்டிசோலை மிகையாக ஏற்றினாலோ, கிருமியோடு போராடும் வெண்குருதிக் கலங்களின் கை தளர்ந்துவிடும். ஆதலால் அறிஞர் நலமான குட்டியின் உடல் இடர்க்காலத்திற் சுரக்கும் அளவையொட்டிய சிறு அளவில், சில நாள் மட்டும், படிப்படியாகக் குறைத்து அம்மருந்தைக் கொடுப்பதை ஆராய்ந்துள்ளனர். அதுவும் கிருமிகொல்லி மருந்து, நீர், வெல்லம், வெப்பம் ஆகிய அடிப்படைச் சிகிச்சைகளுக்குத் துணையேயன்றி மாற்றன்று.

தாயை அறியாத குட்டி

சில குட்டிகள் நிறைநாளிற் பிறந்தும், கிருமியில்லாதிருந்தும், தாயை அறியாது திகைத்துத் திரியும். சுவரை நக்கும். முலையைத் தேடாது. பழைய நூல்கள் இவற்றைப் பித்தேறிய குட்டிகள் என்பதுபோற் குறித்தன. பிறப்பின்போது மூளைக்கு ஒட்சிசன் குறைந்தமையே காரணம் என நெடுநாள் கருதப்பட்டது. அது பல குட்டிகளில் உண்மையே.

கலிபோர்னியாவைச் சேர்ந்த மடிகன், அலெமன் ஆகிய அறிஞர் வேறொரு காரணத்தையும் சுட்டினர். கருவிலிருக்கும் குட்டி ஓயாது துள்ளித் தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதவாறு அதனை உறக்கத்தில் ஆழ்த்தும் ஓமோன்கள் சில உண்டு. அவை புரொஜெஸ்தெரோனின் குடும்பத்தைச் சார்ந்தவை. நலமான குட்டியில் அவை பிறந்த இரண்டொரு நாளில் விரைந்து வீழ்கின்றன. திகைத்துத் திரியும் குட்டிகளிலோ அவை வீழாது நின்றன. உடல் பிறந்தும் மூளை இன்னும் பிறக்கவில்லை என்று கூறத்தக்க நிலை அது. பிறப்புக் கால்வாயின் நெருக்கமே விழிப்புக்குரிய அடையாளம் ஆகலாம் எனக் கருதிய மடிகன், குட்டியின் மார்பைச் சுற்றி மென்கயிற்றினால் ஏறத்தாழ இருபது நிமிடம் அளவாக நெருக்கிப் பிடிக்கும் முறையைக் கையாண்டார். குட்டி உறங்கிவிடும். கயிற்றைத் தளர்த்தியதும் எழும். இங்ஙனம் எழுந்த குட்டிகள் பல தாயை நாடிச் சென்றன. விலா எலும்பு முறிந்த குட்டிக்கும், மூச்சுத் திணறும் குட்டிக்கும் இது ஆகாது. ஆயினும் எளிய கயிறொன்று, நுண்ணிய ஓமோன் அளவைகளின் வழிகாட்டலால் மருந்தாகியது அறிவியலின் அழகுகளுள் ஒன்று.

பூநகரிக்கு இதனால் ஆவது என்ன?

மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற பூநகரியில் வயலும் மாடுமே செல்வம். குதிரைக் குட்டியின் ஓமோனை அறிந்து இங்குள்ளார் பெறும் பயன் யாதென வினவலாம். பயன் உண்டு. பசுவின் இளங்கொடியும் குதிரையினுடையதைப் போலவே பிறபொருளெதிரியைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. கன்றின் குடலும் ஏறத்தாழ ஒரு நாளிலேயே தன் வாயிலை அடைத்துக்கொள்கின்றது. கன்றின் பிறப்பையும் அதன் சொந்தக் கோட்டிசோலே தொடக்குகின்றது. குட்டியிற் கண்ட உண்மை கன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆதலின் மூன்று நெறிகள் பெறப்படும். முதலாவது, கடும்புப்பால் முதலிற் கன்றுக்கே உரியது. ஈன்ற வீட்டார் கடும்பைக் காய்ச்சி அயலாரோடு பகிர்ந்துண்ணும் வழக்கம் அன்பின் பாற்பட்டதே. அதனைக் கைவிடவேண்டுவதில்லை. கன்று பிறந்த சில மணி நேரத்தினுள் தன் உடல்நிறையிற் பத்தில் ஒரு பங்களவு குடித்தபின் எஞ்சுவதே பகிர்தற்குரியது. இளங்கொடி விழும்வரை கன்றுக்குப் பால் ஊட்டலாகாது என்று காத்திருப்பது சில இடங்களில் வழக்கம். அக்காத்திருப்பு, குடலின் வாயில் மூடிக்கொண்டிருக்கும் நேரத்தை வீணாக்குவதாகும். கன்று முலையுண்ணுதல் தாயின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஓமோனையும் எழுப்புவதால், இளங்கொடி விழுவதற்கும் அதுவே துணையாகும்.

இரண்டாவது, கன்று எழும் நேரத்தையும் பாலுண்ணும் நேரத்தையும் கண்டு குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆய்கூடம் இல்லாத ஊரில் ஓமோனை அளக்கும் கருவி நேரமே. உரிய நேரத்தில் எழாத கன்றின் உடலினுள் ஆணை ஏறியும் காரியம் நடவாதிருக்கலாம். அப்பொழுதே மிருக வைத்தியரை நாடுதல் தகும். மறுநாட் காலைவரை பொறுத்தலால் இழக்கப்படுவது பெரும்பாலும் உயிரே. கொப்பூழை அயடீன் கரைசலில் நனைத்தலும், கன்றைத் துடைத்து உலர்த்தி, மழையிலும் வாடைக்காற்றிலும் கிடவாமற் காத்தலும் எவர்க்கும் இயல்வன.

மூன்றாவது, பிரசவத்தைத் துரிதப்படுத்தும் ஊசியை வைத்தியரின் கணிப்பின்றி நாடலாகாது. கடைசி நாள்களின் விலை எத்துணைப் பெரிதென்பதைக் குதிரைக் குட்டி காட்டிவிட்டது.

நெடுந்தீவின் மட்டக்குதிரைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கோடையில் அத்தீவின் நீர்நிலைகள் வற்றுங்கால் அவை நீரின்றி மடிவது பலமுறை நேர்ந்திருக்கின்றது. பிறந்த குட்டி ஒரு நாளிலே தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பாலுண்ணும். அதற்கு உணவும் நீரும் அதுவே. தாய்க்கு நீரில்லையெனின் குட்டிக்குப் பாலில்லை. அங்கு ஓமோனை அளப்பாரும் மருந்தேற்றுவாரும் வேண்டுவதில்லை. தாய்க்குதிரை குடிக்க ஒரு தொட்டி நன்னீர், வற்றாது வைக்கப்படின், அதுவே நெடுங்காலமாக இக்கடலிடைத் தம்மைத் தாமே காத்துவந்த அவ்வினத்துக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த வைத்தியமாகும்.

ஓமோன் என்பது மிக நுண்ணியது. ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு கூற்றளவாயினும், ஒரு குட்டியை எழுப்பி நிறுத்தவும் கிடத்தவும் அது வல்லது. ஆயினும் அந்நுண்பொருள் தன் வேலையைச் செய்வதற்குக் காலமும் பாலும் நீரும் வேண்டும். காலத்தைக் கன்றின் உடல் தானே அறியும். பாலையும் நீரையும் தடுக்காதிருத்தல் மனிதரின் கடமை.